கான்டனீஸில் 'அந்த அளவுக்கு இல்லை' என்று சொல்வது எப்படி?

ஹாங்காங்குக்குக் குடிவரும் நம்மவர்கள் எண்களையும், விலை கேட்பதையும், மினிபஸ்ஸை நிறுத்தச் சொல்வதையும் கான்டனீஸில் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். 'இது அதைவிடப் பெரியது' என்று சொல்லவும் அதிகம் சிரமமில்லை. தன்மையைக் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் 'க்வோ' சேர்த்தால் முடிந்தது. 'க்ஹொய் கோ க்வோ ஙோ' என்றால் 'அவன் என்னைவிட உயரம்'. தடுமாற்றம் எதிர்த்திசையில் வருகிறது. 'இது அந்த அளவுக்கு இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சட்டென்று நின்றுவிடுகிறார்கள், அல்லது ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

அன்றாட வாழ்க்கையில் பாதிப் பேச்சு இந்த ரகம்தான். போன முறை வாங்கிய மீன் அளவுக்கு இது புதிதாக இல்லை, கால் வலி முன்பு போல இல்லை, பார்த்த வீடு பழைய வீட்டளவு விசாலமில்லை, பிள்ளை எழுதுவதில் மற்றப் பிள்ளைகளைப் போல வேகமில்லை. இதைச் சொல்ல வராதவர் 'மோசம்' என்று ஒரே போடாகப் போட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைச் சுருங்க வைக்கிறார், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு, பேசவே தேவையில்லாத சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். இரண்டாவது வகை நம்மிடையே அதிகம். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறத்தாழ 88 சதவீதத்தினர் வழக்கமாகப் பேசுவது கான்டனீஸ் என்று 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் ஊரில், இப்படி ஒதுங்கி வாழ்வது பெரிய இழப்பு. புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களோடு சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்த அனுபவத்தில், இந்த ஒரு வாக்கிய அமைப்பை மற்ற எதற்கும் முன்பாகக் கற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பலரும் முட்டிக்கொள்வது ஏன் என்று கவனித்திருக்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் யோசித்து, 'குறைவான' என்பதற்கு ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். தேநீர்க் கடையில் 'சியூ த்ஹிம்' என்று கேட்டால் சர்க்கரை குறைத்துத் தருகிறார்கள். 'சியூ பிங்' என்றால் ஐஸ் குறையும், 'சியூ யவ்' என்றால் எண்ணெய் குறையும். ஆகவே 'சியூ' என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து, வெயில் குறைவு, விலை குறைவு, உயரம் குறைவு என்று சொல்லப் பார்க்கிறார்கள். 'சியூ' என்பது போடும் பொருளின் அளவைக் குறைக்கச் சொல்வது. இரண்டை ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்த அது உதவாது. கேட்பவர் குழம்பிப்போகிறார்.

தமிழில் யோசித்தால் கதவு உடனே திறக்கிறது. 'அவனளவு உயரம் எனக்கு இல்லை' என்கிறோம் அல்லவா? கான்டனீஸ்காரர் சொல்வதும் கிட்டத்தட்ட அதையேதான்: 'ஙோ மோ க்ஹொய் கம் கோ.' 'ஙோ' நான், 'மோ' இல்லை, 'க்ஹொய்' அவன் அல்லது அவள், 'கம்' அவ்வளவு, 'கோ' உயரம். 'மோ' என்பது உடைமையையும் இருப்பையும் மறுக்கும் சொல். பணம் இல்லை என்பதற்கு 'மோ ச்ஹீன்', ஆள் இல்லை என்பதற்கு 'மோ யன்'. நம் 'இல்லை'யும் அப்படித்தான்: பணமும் இல்லை, ஆளும் இல்லை, அவனளவு உயரமும் இல்லை. ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. 'சாப்பிடவில்லை' என்பதற்கு 'மோ செக்' என்கிறார்கள். 'சாப்பிடமாட்டேன்' என்றால் 'ம் செக்'. நடக்காததைச் சொல்ல நாமும் 'இல்லை'யைத்தானே வினையோடு ஒட்டுகிறோம். வேறுபாடு இடத்தில் மட்டும்: நம் 'இல்லை' கடைசியில் வரும், அவர்களுடைய 'மோ' முன்னாலேயே வந்துவிடும். முதலில் 'இல்லை' என்று சொல்லிவிட்டு, யாரைப் போல, எவ்வளவு, என்ன என்று அடுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஒலிப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993-ல் உருவாக்கிய யுத்பிங் முறையில் ஒவ்வோர் அசைக்கும் பின்னால் ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் போடுவார்கள். குரல் எந்த மட்டத்தில் நிற்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்த எண் காட்டும். 1 உயர்ந்த மட்டம், 2 மேலே ஏறுவது, 3 நடு மட்டம், 4 கீழே இறங்குவது, 5 அடியிலிருந்து சற்றே ஏறுவது, 6 தாழ்ந்த மட்டம். அவசியமான இடங்களில் மட்டும் நான் எண் போடுகிறேன்.

இப்போது எல்லோரும் முதலில் பழகும் வாக்கியத்தைப் பார்க்கலாம். 'நேற்று அளவுக்கு இன்று வெயில் இல்லை' என்பதற்கு: கம்1 யத்6 மோ5 க்ஹம்4 யத்6 கம்3 யீத்6.

தமிழ்க் காதுக்கு இதில் மூன்று 'கம்' கேட்கும். முதலாவது 'இன்று' என்பதன் பகுதி, இரண்டாவது 'நேற்று' என்பதன் பகுதி, மூன்றாவது 'அவ்வளவு'. முதலாவதும் மூன்றாவதும் ஒரே மெய், ஒரே உயிர். குரல் மட்டத்தில்தான் வேறுபாடு: 'இன்று' உச்சியில் நிற்கும், 'அவ்வளவு' நடுவில் நிற்கும். இரண்டாவதில் மூச்சுக் காற்று சேர்கிறது, குரலும் கீழே இறங்குகிறது. சொல்லின் முதலில் வரும் நம் ககரத்தில் காற்றுத் தெறிப்பு இல்லை. அதனால் 'இன்று' நமக்குப் பிசகில்லாமல் வாயில் வருகிறது. 'நேற்று' வருவதில்லை. இன்றும் நேற்றும் ஒன்றாக ஒலித்தால் ஒப்பீட்டுக்கு என்ன பொருள்? உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துக்கொண்டு 'க்ஹம்' என்று சொல்லுங்கள். காற்று கையில் பட வேண்டும்.

அது பழகும்வரை ஒரு மாற்றுவழி உண்டு. 'நேற்று' என்பதற்கு 'ச்ஹம்4 யத்6' என்ற இன்னொரு வடிவமும் ஹாங்காங்கில் அதே அளவு வழக்கில் இருக்கிறது. நான் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சகர ஒலியில் தொடங்குவதால் 'இன்று' என்பதோடு குழம்ப வாய்ப்பே இல்லை: 'கம் யத் மோ ச்ஹம் யத் கம் யீத்.'

இன்னொன்று. 'யத்', 'யீத்' என்பவை தகரத்தில் முடிகின்றன. நமக்கு வல்லின மெய்யில் சொல்லை நிறுத்தும் பழக்கம் இல்லாததால் 'யத்து', 'யீத்து' என்று உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டவிடக் கூடாது. நாக்கு மேல்பல் அருகே போய்த் தொட்டு அங்கேயே நிற்க வேண்டும், விடுபடும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. குரல் மட்டத்தில் சிறு பிசகு இருந்தாலும் பேச்சின் போக்கை வைத்துப் புரிந்துகொள்வார்கள். உகரம் சேர்ந்தால் ஓர் அசை கூடிவிடுகிறது, வாக்கியத்தின் தாளமே மாறிப்போகிறது. நம்மவர்களின் கான்டனீஸ் புரியாமல் போவதற்கு முக்கியக் காரணமாக நான் காண்பது இந்த உகரத்தைத்தான்.

பழகுவதற்கு வெயிலைப் போல வசதியான பேச்சு வேறில்லை. அதிகபட்ச வெப்பநிலை 33 டிகிரியைத் தொடும் நாளை ஹாங்காங் வானிலை ஆய்வகம் 'மிக வெப்பமான நாள்' என்று கணக்கில் வைக்கிறது. கோடையில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை. கட்டடக் காவலர், லிஃப்டில் உடன் வரும் பாட்டி, பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார் என்று யாரிடமும் இந்த வாக்கியத்தைச் சொல்லலாம். யாரும் பதில் சொல்லாமல் போவதில்லை. அடுத்து போக்குவரத்து. ஹாங்காங் தீவில் 1904 முதல் ஓடும் டிராமை மக்கள் 'திங் திங்' என்று அழைக்கிறார்கள். 'திங் திங் மோ பாசீ கம் ஃபாய்' என்றால் 'டிராம் பஸ் அளவுக்கு வேகமில்லை'. பிறகு 'தான் ஹை ப்ஹெங் தி' என்று சேர்த்துக்கொள்ளலாம்: 'ஆனால் விலை கொஞ்சம் மலிவு'.

சந்தையில்தான் இந்த அமைப்பு தன் முழு மதிப்பைக் காட்டும். 'காய் சீ' என்று இங்கே சொல்லும் அந்தச் சந்தைகளில் கீரையும் மீனும் இன்னும் 'கன்' கணக்கில் விற்கின்றன. ஒரு கன் சுமார் 605 கிராம். அட்டையில் எழுதியிருக்கும் விலையைக் கிலோ விலை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் வழக்கமாகக் கீரை வாங்குவது ஹுங் ஹோம் சந்தையில் ஒரு பெண்மணியிடம். ஒரு மழை நாளில் அவர் கடையில் ச்ஹோய் சம் கீரையின் நுனிகள் தொய்ந்து, தண்டில் பழுப்பு ஏறியிருந்தது. கூட வந்திருந்த தோழி காதருகே, "வாடிப்போயிருக்கிறது அக்கா, வேறு கடைக்குப் போய்விடலாம்" என்றாள். நான் கடைக்காரரிடம் சொன்னேன்: 'கம் யத் தி ச்ஹோய் சம் மோ ச்ஹம் யத் கம் லெங் வோ.' இன்றைய கீரை நேற்று அளவுக்கு அழகாக இல்லையே என்று பொருள். 'லெங்' என்பது அழகு. காய்கறிக்கும் மீனுக்கும் 'நல்ல தரம்' என்ற பொருளில் அதைத்தான் சொல்வார்கள். கடைசியில் வரும் 'வோ' நம் 'இல்லையே' என்பதிலுள்ள ஏகாரத்தைப் போலக் கேள்வியும் ஆதங்கமுமாகத் தொனிக்கும்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. மழை பெய்ததே, கீரை எப்படி இருக்கும் என்றார். பிறகு தாமாகவே, இன்றைக்கு வள்ளல் கீரை நன்றாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்று ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினார். நிறுத்துப் போட்டுவிட்டு மேலே ஒரு கைப்பிடி வெங்காயத்தாளும் வைத்தார். வாடிக்கையாளருக்கு வெங்காயத்தாள் இனாமாகக் கொடுப்பது இந்தச் சந்தைகளின் பழைய வழக்கம்.

நான் சொன்னதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் வாக்கியத்தில் இருக்கிறது. 'நேற்று அளவுக்கு இல்லை' என்றால் நேற்று நன்றாக இருந்தது என்பதும், நேற்றும் உங்களிடம்தான் வாங்கினேன் என்பதும் உள்ளடங்கியே வருகின்றன. 'ச்ஹா' என்றொரு சொல் உண்டு, தரக்குறைவு என்று பொருள். 'ச்ஹா க்வோ ச்ஹம் யத்' என்றால் 'நேற்றைவிட மோசம்'. இலக்கணப்படி அதில் தவறில்லை. சந்தையில் அதைச் சொன்னால், அடுத்த முறை உங்களுக்கு வெங்காயத்தாள் கிடைக்காது. முகத்துக்கு நேரே ஒன்றைத் தாழ்த்துவதற்குப் பதிலாக, உயர்ந்து நின்ற இன்னொன்றைக் காட்டி 'அதுவரை எட்டவில்லை' என்பது கான்டனீஸ் பேச்சின் இயல்பான மரியாதை. இதை இலக்கண விதியாகப் படிப்பதைவிட நடத்தையாகப் படிப்பது நல்லது.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் அதை விட்டுவிடலாம். 'மோ கம் யீத்' என்றாலே 'முன்பு போல வெயில் இல்லை' என்றாகிவிடும். இந்தச் சுருக்க வடிவம்தான் பேச்சில் அதிகம் புழங்குகிறது. மருத்துவரிடம் போகும்போது இது தெரியாமல் போகவே கூடாது.

ஒரு தோழியின் தாயார் மதுரையிலிருந்து வந்து மகளோடு தங்கியிருந்தார். முழங்கால் வலி. இரண்டாம் முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது மகளுக்கு வேலை, நான் துணைக்குப் போனேன். மருத்துவர் கேட்டார்: 'யவ் மோ ஹோ தி ஆ?' கொஞ்சமாவது தேவலையா என்று பொருள். 'யவ்' என்றால் உண்டு, 'மோ' என்றால் இல்லை. உண்டா இல்லையா என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் கேள்வியாகிவிடுகிறது. அம்மா என்னைப் பார்த்து, "போன வாரம் போல இல்லை, மாடி ஏறும்போது மட்டும் குத்துகிறது" என்றார். நான் அதை 'மோ கம் த்ஹுங், தான் ஹை சொங் லவ் த்ஹை சுங் ஹை த்ஹுங்' என்று சொன்னேன். வலி முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் படி ஏறும்போது இன்னும் வலிக்கிறது. அவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, மாத்திரையை நிறுத்தாமல் அளவை மட்டும் குறைத்தார்.

இங்கே மூன்று பதில்களைப் பிரித்தறிய வேண்டும். 'ம் த்ஹுங்' என்றால் வலியே இல்லை. 'ம் ஹை ஹோ த்ஹுங்' என்றால் அவ்வளவாக வலியில்லை, எந்த நாளோடும் ஒப்பிடாமல் பொதுவாகச் சொல்வது. 'மோ கம் த்ஹுங்' என்றால் முன்பு இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. மருத்துவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மூன்றாவது பதில். தமிழில் எல்லாவற்றையும் 'இல்லை' என்றே முடிப்பதால் 'மோ' வரவேண்டிய இடத்தில் 'ம்' வந்துவிடும் ஆபத்து நமக்கு உண்டு. மனத்துக்குள் 'அந்த அளவுக்கு', 'முன்பு போல' என்று இருந்தால் 'மோ கம்'. வெறும் மறுப்பு என்றால் 'ம்'. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'மோ கம்' இன்னும் பல இடங்களில் கை கொடுக்கும். 'மோ கம் யீ' என்றால் அவ்வளவு சுலபமில்லை. 'மோ கம் ஃபாய்' என்றால் அவ்வளவு சீக்கிரம் முடியாது. பழுது பார்ப்பவரிடமோ தையற்கடையிலோ இதைக் கேட்டால், நாளை வராதே, பிறகு வா என்று பொருள்.

எண் சொல்ல வேண்டிய இடம் வந்தால் 'மோ'வைக் கைவிட்டுவிட வேண்டும். தமிழிலும் 'அவனளவு உயரம் இரண்டு அங்குலம் இல்லை' என்று சொல்வோமா? திருப்பிப் போட்டு 'அவனைவிட இரண்டு அங்குலம் குட்டை' என்போம். அவர்களும் அப்படியே: 'ஙோ ஙை க்ஹொய் லொங் ச்ஹூன்.' 'ஙை' என்றால் குட்டை, 'லொங் ச்ஹூன்' இரண்டு அங்குலம். இவ்விடத்தில் 'க்வோ'கூடத் தேவையில்லை. விலையிலும் இப்படித்தான். எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் 'ப்ஹெங் ங் மன்', அதாவது 'ஐந்து டாலர் மலிவு'. 'மிகவும்' சேர்க்க வேண்டுமென்றாலும் திருப்பிப் போடுவதே வழி: 'க்ஹொய் கோ க்வோ ஙோ ஹோ தோ', அவன் என்னைவிட மிகவும் உயரம். 'மோ' வாக்கியத்தின் வாலில் 'ஹோ தோ' ஒட்டாது.

'க்வோ'வை மறுத்து 'ஙோ ம் கோ க்வோ க்ஹொய்' என்று கட்டுவதும் இயல்பாக ஒலிக்காது. ஆனால் ஆளே இல்லை, பொருளே இல்லை என்று தொடங்கினால் 'க்வோ' அழகாக அமரும். 'மோ யன் லெக் க்வோ க்ஹொய்', அவளைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை. பாராட்டில் இதற்கு மேல் இல்லை. பள்ளியில் ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி என்று வரும்போது 'ம் கவ்' வருகிறது. 'கவ்' என்றால் போதும், 'ம் கவ்' போதாது. 'ஙோ ம் கவ் க்ஹொய் கோ' என்பதும் 'அவனளவு நான் உயரமில்லை' என்றே பொருள்படும். ஆனால் இதில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து, நான் தோற்றேன் என்ற சாயல் இருக்கும். வினைச்சொல்லோடு வரும்போது சாயல் இன்னும் தெளிவு. 'ஙோ ம் கவ் நேய் கோங்' என்றால் 'உன்னோடு பேசி என்னால் ஜெயிக்க முடியாது'. வாக்குவாதத்தைச் சுமுகமாக முடிக்க விரும்பும் கணவன்மார்களும், தாயிடம் தோற்ற பிள்ளைகளும், பேரம் படியாத கடைக்காரர்களும் இதைச் சொல்லக் கேட்கிறேன். எதிராளிக்கு மரியாதை கொடுத்துப் பின்வாங்கும் சொல் இது. இதற்கு மேலே 'பேய் ம் சொங்' (ஒப்பிடவே எட்டாது), 'மோ தக் பேய்' (ஒப்பீட்டுக்கே இடமில்லை) என்று படிகள் உண்டு. கடைசியாகச் சொன்னது இரு பக்கமும் வெட்டும். எது உயர்ந்தது என்பதைப் பேச்சின் போக்குத்தான் சொல்லும்.

உங்கள் கான்டனீஸை யாராவது புகழ்ந்தால் 'சுங் ச்ஹா தக் யூன்' என்று பதில் சொல்லுங்கள். இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது என்று பொருள். புகழ்ந்தவர் இன்னும் நான்கு வாக்கியம் பேசுவார், உங்களுக்குப் பயிற்சி.

பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசுவதில் ஹாங்காங் பெற்றோர்கள் நம் ஊர்ப் பெற்றோர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் இல்லை. 'மோ க்ஹொய் ஆ கோ கம் க்வாய்', அண்ணன் அளவுக்குச் சமர்த்தில்லை என்பது பூங்கா பெஞ்சுகளில் நாள்தோறும் கேட்கும் வாக்கியம். கோபம் முற்றினால் வருவது ஊரறிந்த வசை: 'சாங் கவ் ச்ஹா சியூ ஹோ க்வோ சாங் நேய்.' உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு வறுத்த பன்றி இறைச்சியைப் பெற்றிருக்கலாம் என்று பொருள். கடையில் தொங்கும் ச்ஹா சியூ இறைச்சியையாவது சோற்றோடு சாப்பிடலாம் என்பது குறிப்பு. கேட்டவுடன் பதறிவிட வேண்டாம். பெரும்பாலும் பாதி அன்போடு சொல்வது. ஆனால் நாம் திருப்பிச் சொல்லத்தக்கது இல்லை. இந்த ஒப்பீட்டு ஓட்டத்துக்கு மருந்து போல அவர்களே ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: 'யன் பேய் யன், பேய் சேய் யன்.' மனிதனை மனிதனோடு ஒப்பிட்டால் ஒப்பீடே ஆளைக் கொன்றுவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லி உங்கள் பிள்ளையை யாராவது தாழ்த்தினால், இதை மெல்லச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் இதை மனமாரச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு மொழிகளின் ஒப்பீட்டையும் ஒரே பிள்ளை தாங்குவது கொடுமை.

சொற்களால் மட்டும் பார்த்தால் ஒப்பீடு, பொருளில் வேறொன்று என்று சில தொடர்கள் இருக்கின்றன. 'மோ நேய் கம் ஹோ ஹேய்' என்பது சொல்லுக்குச் சொல் 'உன்னளவு மூச்சு எனக்கு இல்லை'. உண்மையில் அது 'உன்னோடு மல்லுக்கு நிற்க எனக்குப் பொறுமையில்லை, விடு' என்று கத்தரித்துவிடும் பேச்சு. 'மோ நேய் கம் தக் ஹான்' என்பதும் அப்படியே: 'உன்னைப் போல வேலைவெட்டி இல்லாமல் நான் இல்லை'. இலக்கணம் பழகிவிட்ட உற்சாகத்தில் பக்கத்து வீட்டாரிடம், நீங்கள் ஓய்வாக இருக்கிறீர்கள், எனக்கு நேரமில்லை என்று நல்ல மனத்தோடு சொல்லப்போய் இந்தத் தொடரைக் கட்டிவிடக் கூடாது. நேரமில்லை என்பதற்கு 'ம் தக் ஹான்' என்றாலே போதும். ஒப்பீடு வேண்டாம்.

நம்மவர்களுக்கு நான் தவறாமல் கற்றுக்கொடுக்கும் இன்னொரு தொடர், தொலைபேசி மோசடிகளுக்கானது. வட்டியில்லாக் கடன், ஒரே வாரத்தில் இரட்டிப்பு லாபம் என்று யாராவது ஆசை காட்டினால் ஊர்க்காரர்கள் சொல்வது: 'பீன் யவ் கம் தாய் செக் காப் நா ச்ஹொய் காய் த்ஹியூ.' இவ்வளவு பெரிய தவளை தெருவில் துள்ளித் திரியுமா என்று கேள்வி. பிடித்தால் விலைபோகும் தவளை அப்படிச் சும்மா கிடைக்காது. அதே 'கம்'தான் இங்கேயும். 'மோ' இருக்க வேண்டிய இடத்தில் 'எங்கே உண்டு' என்று கேள்வியாக வந்திருக்கிறது.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு. 'யவ்' என்பதற்கான எழுத்தின் கீழ்ப்பகுதியில் பெட்டி போன்ற கட்டுக்குள் இரண்டு குறுக்குக் கோடுகள் இருக்கும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் 'மோ'வின் எழுத்து. உள்ளே ஒன்றுமில்லை என்பது பார்த்த உடனே தெரியும். கடை அறிவிப்புகளிலும் கைபேசிச் செய்திகளிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் பள்ளிக் கட்டுரையில் இந்த எழுத்து நுழையக் கூடாது. அங்கே எழுதுவது பொதுச் சீன எழுத்துநடை. 'மோ' இருக்கும் இடத்தில் 'மூத் யவ்', 'கம்' இருக்கும் இடத்தில் 'நா மோ' என்று எழுத வேண்டும். பிள்ளை வீட்டில் சரியாகப் பேசியதை அப்படியே எழுதினால் சிவப்புக் கோடு விழும். பிள்ளைக்கு மொழி தெரியவில்லை என்று அப்போது நினைத்துவிடாதீர்கள். பேச்சும் எழுத்தும் வேறு வேறு என்பதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்?

கடைசியாக 'பத் யூ'. பழைய சீனத்தில் இது 'அதற்கு நிகராகாது' என்று பொருள்படும் எதிர்மறை ஒப்பீடு. இன்றைய கான்டனீஸில் பெரும்பாலும் யோசனை சொல்லவும் அழைக்கவும் வருகிறது. 'பத் யூ ஹொய் யம் ச்ஹா' என்றால் 'தேநீர் குடிக்கப் போகலாமா?' மற்ற எதுவும் அதற்கு ஈடாகாது என்ற பழைய பொருள் அடியில் இருக்கிறது, மேலே நட்பான அழைப்பாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டார் உங்களைப் பார்த்து 'பத் யூ' என்று தொடங்கினால் எதையோ குறை சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். 'ஹோ ஆ' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திம் சம் மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், எந்தக் கடையின் இறால் கொழுக்கட்டை எந்தக் கடை அளவுக்கு இல்லை என்று அவர்கள் அடுக்கும்போது, மேலே சொன்ன அத்தனை வாக்கியங்களும் காதில் விழும்.